ஏழாம் சர்வரின் காலை அழைப்பு

விடியற்காலை ஐந்தே முக்கால். சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங்கைத் தாண்டி ஒரு தொழிற்பேட்டைச் சாலை. ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் மரங்கள். மூன்று நாள் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை… பேருந்தைவிட்டு இறங்கியவர் அவர் ஒருவர்தான்.

இது எனக்கு நடந்ததில்லை. என் தோழி இன்ஷாவின் சாச்சாவுக்கு, அவள் அப்பாவின் தம்பிக்கு, நடந்தது. பெயர் அப்துல் அலீம். இதைச் சொல்லவே எனக்கு அலுப்பு. ஆனால் அன்றிரவு ரித்திக் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டான்.

ஜாலான் புசாரில் பழைய கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். மணி பன்னிரண்டரை. ரித்திக், வைஷாலி, நான் மூவரும் ஒரே திரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒரு கிளினிக்கின் விர்ச்சுவல் மெஷினை, அதாவது சர்வருக்குள் ஓடும் மென்பொருள் கணினியை, இடம் மாற்ற வேண்டும். கிளினிக் மூடியிருக்கும்போதுதான் அதைத் தொட முடியும்.

"சம்சு, சர்வரோட சொந்த டிஸ்க்லயே போட்டுடலாம் லா. இருபது நிமிஷம். ஷேர்டு ஸ்டோரேஜுக்குக் காப்பி பண்ணா விடிஞ்சிடும்," என்றான் ரித்திக். "திங்கக்கிழம வரைக்கும்தான். அப்புறம் மாத்திக்கலாம்."

"உன் வாயைக் கழுவு," என்றேன். "இதையேதான் அலீம் சாச்சாவும் சொன்னாரு."

வைஷாலி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். சொல்லத் தொடங்கினேன்.

அலீமின் பொறுப்பில் பன்னிரண்டு சர்வர்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய டிஸ்க் பெட்டி, அதாவது ஷேர்டு ஸ்டோரேஜ். மெஷினைப் பொதுப் பெட்டியில் வைத்தால் ஒரு சர்வர் செத்தாலும் இன்னொரு சர்வர் அதை எடுத்து ஓட்டும். சர்வரின் சொந்த டிஸ்கில் வைத்தால் வேகம் அதிகம். ஆனால் அந்த சர்வர் செத்தால் மெஷினும் அதோடு போய்விடும். அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் நாங்கள் மீட்டிங் மீட்டிங்காக மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

அவருடைய மெஷின்களில் ஒன்று தனியாக வசிக்கும் முதியவர்களுக்குப் போன் செய்யும். தினமும் காலை ஏழு மணி. இருநூறு வீடுகள். தமிழ்க்குரல் வேண்டும் என்றதும் அலீமே பேசிப் பதிவு செய்தார். "காலை வணக்கம். நல்லா இருந்தா ஒன்னை அமுக்குங்க." அமுக்காவிட்டால் ஏழு பத்துக்கு மறுபடி அடிக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் தொண்டூழியர் ஒருவர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவார். திறக்காவிட்டால், வந்து போனதற்கு அடையாளமாகக் கதவடியில் ஒரு மஞ்சள் அட்டையைச் செருகிவிட்டு, கதவை உடைக்க ஆள் கூப்பிடப் போவார்.

ஏழு மணிக்கு இருநூறு அழைப்பு ஒன்றாகக் கிளம்பும்போது பொதுப் பெட்டி திணறியது. அலீம் மெஷினை ஏழாம் சர்வரின் சொந்த டிஸ்குக்கு மாற்றினார். பறந்தது. திங்கட்கிழமை வரைக்கும்தான் என்றார்… பதினாலு மாதம் ஆயிற்று.

குவீன்ஸ்டவுனில் நாகம்மா என்று ஓர் அம்மா. ஒன்பதாவது மாடி. பதிவு செய்த குரல் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார். ஒன்றை அமுக்குவதற்கு முன் பதில் சொல்வார். "நல்லா இருக்கேன் தம்பி. நீ சாப்டியா?" சோதித்துப் பார்க்கும்போது அலீம் அதைக் கேட்டிருக்கிறார். சிரித்திருக்கிறார். அந்த அம்மாவுக்குப் போனை எடுக்கத் தெரியும், ஒன்றை அமுக்கத் தெரியும். யாரையும் அழைக்கத் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை… சர்வர் அறைக்குள் அதே குளிர், அதே இரைச்சல். ஆனால் ஏழாம் சர்வரில் சிவப்பு விளக்கு. வெள்ளி இரவே செத்திருக்கிறது. சனி, ஞாயிறு, திங்கள், மூன்று காலை அழைப்பு போகவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. பதில் வராத வீட்டைப் பற்றித் தொண்டூழியருக்குச் சேதி அனுப்புவதும் அதே மெஷின்தான். சேதி வரவில்லை என்றால் எல்லோரும் நலம் என்றுதான் அவர்களுக்குப் பழக்கம். அலாரத்தையும் அதே டிஸ்குக்குள் வைத்துவிட்டார் மனுஷர்.

பழைய காப்பியை எடுத்துப் பொதுப் பெட்டியில் ஏற்றினார். ஏழு மணிக்கு அழைப்பு கிளம்பியது. ஒரே ஒரு வீட்டில் பதில் இல்லை.

நாகம்மா சனிக்கிழமை குளியலறை வாசலில் விழுந்திருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் வரை உயிர் இருந்ததாக மருத்துவர் சொன்னார். கையில் போன். வீடெல்லாம் கோடாலித் தைலம் வாசனை. போனில் ஒன்று என்ற பொத்தானில் மட்டும் தைலம் பிசுபிசுவென்று படிந்திருந்ததாம்… அழைப்பு வராத போனில் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

ரித்திக் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"ஐயோ பாவம்," என்றாள் வைஷாலி. "அவர யாரும் திட்டலையா?"

யாரும் திட்டவில்லை. வன்பொருள் பழுது என்று அறிக்கையில் எழுதிக் கோப்பை மூடினார்கள். திட்டியிருந்தால் அவருக்கு உறக்கமாவது வந்திருக்கும். ஏழாம் சர்வரைக் கழற்றினார்கள். அதன் டிஸ்கை அலீம் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அழைப்புகளைப் புது எண்ணுக்கு மாற்றி, அந்த மெஷினின் பழைய போன் இணைப்பையும் துண்டித்தாயிற்று.

அடுத்த வாரம் ஒரு காலை. ஏழு மணி. வீட்டில் அவருடைய போன் அடித்தது. திரையில் அந்தப் பழைய எண்.

எடுத்தார். சர்ர்ரென்று சர்வர் விசிறிச் சத்தம். பிறகு ஒரு கிழவியின் குரல்.

"காலை வணக்கம் தம்பி. நல்லா இருந்தா ஒன்ன அமுக்கு."

அமுக்கினார். வேறென்ன செய்வார்? அலுவலகத்துக்கு ஓடி இழுப்பறையைத் திறந்தார். எந்தக் கம்பியும் இல்லாத டிஸ்க்… தொட்டால் சூடாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும். பண்டிகை, விடுமுறை எதுவும் கிடையாது. எண்ணை மாற்றினார். புது எண்ணுக்கும் வந்தது. தொழுகையை முடித்து ஆறரைக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று இன்ஷா சொன்னாள். ஆள் பாதியாகிவிட்டார். மூன்று வருடமாக இதுதான் அவருடைய காலை.

ரித்திக் திரையில் ஷேர்டு ஸ்டோரேஜைத் தேர்ந்தெடுத்தான். ஆறு மணி நேரம் ஆகும் என்றது திரை. ஒருவரும் முனகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவனேதான் கேட்டான். "எடுக்கலன்னா என்ன ஆகும்?"

அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் இருந்தேன்.

போன மாதம் அவருக்குக் கடும் காய்ச்சல். மருந்து போட்டு அசந்துவிட்டார். ஏழு மணிக்கு அடித்தது… கேட்கவில்லை. ஏழு பத்துக்கு அடித்தது… கேட்கவில்லை. துணைக்கு வந்திருந்த இன்ஷா பக்கத்து அறையில் இருந்தாள். ஏழரைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். டொக். டொக். மெதுவாக, வயதானவர்கள் தட்டுவதுபோல. துவாரம் வழியாகப் பார்த்தாள். நடைபாதையில் யாரும் இல்லை. அவள் திறக்கவில்லை.

தட்டுவது நின்றது. கதவடியில் ஏதோ உரசும் சத்தம். ஒரு மஞ்சள் அட்டை உள்ளே வந்தது. இன்ஷா குனிந்து எடுத்தாள். அதில் ஒரு எழுத்துகூட இல்லை. நடுவில் பிசுபிசுவென்று ஒரு பெருவிரல் தடம். கோடாலித் தைலம் வாசனை.