அரைப்பேர்

— அந்தப் போன மேசையில வையி, தாயி. நான் சொல்றத ஒரு நிமிசம் காது குடுத்துக் கேளு.

— கிட்ட வராதீங்க, தலைவரே. வந்தீங்க, இப்பவே கதவத் தொறந்து மைக்குல போட்டுருவேன்.

— தலைவரா? பேச்சு வந்த நாள்லருந்து மாமான்னு கூப்பிட்ட வாயி, சர்மிளா.

— அந்த மாமா ஏழு வருசத்துக்கு முந்தி இதே பள்ளிக்கூடத்து மேடையில செத்துட்டாரு. இப்ப நிக்கிறது அழகமுத்துத் தலைவரு. வட்டாரத்து மெம்பரு. இன்னிக்கி எலெக்சன் விவாதத்துல என்னோட மோதப் போறவரு.

— சரி, அப்படியே வச்சுக்க. அந்த வீடியோவுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும்.

— தெரியாம இருக்குமா? "எட்டாம் நம்பர் மலை கருங்கல்லு மாதிரி, புது வீடு இருவத்திரெண்டையும் அங்க தான் கட்டுவோம்"னு நெஞ்சத் தட்டிச் சொல்றீங்க. அதுக்கு முந்தி எங்கப்பா பேசுறாரு. "அங்க கட்டலாம்னு போன மாசம் நானும் தான் சொன்னேன். பிழையாச் சொல்லிட்டேன். என் மனசு மாறிருச்சு, அந்த மலை வேணாம்"னு சனத்தக் கும்பிட்டுச் சொல்றாரு. அதுக்கு நீங்க என்னா சொன்னீங்க?

— வேணாம் தாயி.

— சொல்லுங்க. உங்க வாயால கேக்கணும்.

— "காலையில ஒரு பேச்சு, சாயந்தரம் ஒரு பேச்சு. கொழுந்து கொறஞ்ச ஆளுக்கு அரைநாள் சம்பளம்னு அரைப்பேர் போடுற மாதிரி, விஜேந்திரனுக்கும் அரைப்பேர் போடுங்கப்பா"ன்னேன்.

— மண்டபமே விழுந்து விழுந்து சிரிச்சிச்சு. அன்னிக்கோட எங்கப்பாவுக்கு விஜேந்திரன்ங்கிற பேரு போச்சு. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல அரைப்பேர். கடையில அரைப்பேர். நான் ஏ-லெவல் எழுதப் போனா "அரைப்பேர் மக போறா". தாங்க முடியாம தம்புள்ளைச் சந்தைக்கு ஓடிப் போயி, மரக்கறி மூட்டை தூக்கினாரு மனுசன். அங்கயும் நம்ம தோட்டத்து லொறி ஒன்னு வந்து நின்னுச்சு. "என்னா அரைப்பேரு, சொகமா?"

— செத்த வீட்டுக்கு நான் வந்தேனே.

— வந்தீங்க. வாசல்ல இருந்த நோட்டீஸப் பாத்தீங்களா? "அரைப்பேர் விஜேந்திரன் காலமானார்." கேலிக்கு அடிக்கல, தலைவரே. விஜேந்திரன்னு மட்டும் போட்டா சனத்துக்கு ஆள் தெரியாதுன்னு அடிச்சாங்க. பசை தடவி ஒட்டுனது என் கையி. அந்தக் கையால தான் இன்னிக்கி இந்த வீடியோவப் போடப் போறேன்.

— போடு. என் மெம்பர் சீட்டுப் போனாப் போகுது. ஆனா இன்னிக்கி வேணாம். இன்னிக்கி சனம் சிரிக்கக்கூடாது.

— ஏன், சிரிச்சா வலிக்குமோ?

— நான் இந்த ஒரு மாசமா வீடு வீடாப் போயி, எட்டாம் நம்பர் மலைக்குத் திரும்பிப் போகாதீங்கன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன். போன மழையில செவரெல்லாம் வெடிச்சு, இருவத்திரெண்டு குடும்பமும் புள்ளக்காம்பராவுல பாய விரிச்சுக் கெடக்குது. பச்சப் புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடத்துல கெழடு கட்டையெல்லாம் எத்தன மாசம் கெடக்கும்? எப்படா வீட்டுக்குப் போவோம்னு காலத் தூக்கிக்கிட்டு நிக்குது. இந்த நேரத்துல நீ வீடியோவப் போட்டு சிரிக்க வச்சா, என் பேச்ச ஒருத்தனும் கேக்க மாட்டான். நாளைக்கே சட்டி பானையத் தூக்கிக்கிட்டு மலை ஏறிருவாங்க.

— ஏறட்டும். அணைச்செவரு கட்டிக் குடுப்போம்னு எங்க நோட்டீஸ்லயே போட்டிருக்கு.

— "சொந்த வீட்டுக்குத் திரும்புவோம்." ஊரெல்லாம் ஒட்டியிருக்கியே, படிச்சேன். உன் நெஞ்சத் தொட்டுச் சொல்லு, அந்த மலைய நீ நம்புறியா?

— சனம் அதத் தான் கேக்குது.

— நான் அதக் கேக்கல. நீ நம்புறியா?

— உங்களுக்கு நான் பதில் சொல்லணும்னு இல்ல.

— இந்தா பாரு தாயி. அன்னிக்கி உங்கப்பன் சொன்னத இன்னிக்கி நான் சொல்றேன். அன்னிக்கி நான் சொன்னத நீ சொல்லிக்கிட்டு நிக்கிற.

— வாய மூடுங்க!

— மனுசன் மனசு மாறுறது ஒரு குத்தமா?

— குத்தம்னு தீர்ப்பு எழுதினதே நீங்க தான். எங்கப்பாவுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?

— விவாதம் தொடங்க இன்னும் பத்து நிமிஷம் தான் ஈக்கி. சர்மிளா மகள், அழகமுத்து அண்ணன், ரெண்டு பேரும் தண்ணி கிண்ணி குடிச்சிட்டு வாங்கோ. என்ன இது, வெளிய வரைக்கும் சத்தம் கேக்குது?

— ஒன்னுமில்ல, ஜுனைதீன் மாஸ்டர். பழைய கதை. நீங்க போங்க, வர்றோம்.

— நல்லம். ஒரு விஷயம் மறக்க வேணாம். எல்லாம் பதிவாகுது. பேசுறவங்க மொதல்ல அவங்கட பேரச் சொல்லித் தான் தொடங்கோணும். சரியா?

— சரி மாஸ்டர். கதவச் சாத்திட்டுப் போங்க.

— தாயி, நேரமில்ல. ஒன்னு மட்டும் சொல்றேன். செவரு வெடிச்சதுக்காக நான் மாறல. அந்த மலை ஊத்தப் பாத்துத் தான் மாறினேன். தண்ணி செவப்பா, காப்பி மாதிரி கலங்கி வந்துச்சு. ரெண்டு கையாலயும் அள்ளிப் பாத்தேன், விரல் இடுக்குல எல்லாம் மண்ணு. மலை உள்ளுக்குள்ள கரையுதுன்னு புரிஞ்சிக்கிட்டேன்.

— எப்ப?

— போன மழைக்குத் தான்.

— போன மழைக்கு அங்க எங்க ஊத்து இருந்துச்சு?

— என்னா தாயி கேள்வி? எட்டாம் நம்பர் ஊத்து தெரியாதா?

— நல்லாத் தெரியும். அதக் கல்லப் போட்டு மூடி, அதுக்கு மேல தான் மூணாவது வீட்டக் கட்டுனீங்க. அத்திவாரம் போட்ட நாளோட அந்த ஊத்து செத்துப் போச்சு. நீங்க கையால அள்ளுனீங்கன்னா, அது வீடு கட்ட முந்தி.

— இல்ல, நான் சொல்றது...

— ஆறாவது வீடு உங்க மகன் சசிக்குமாருக்குன்னு லிஸ்ட்ல இருந்துச்சு. எங்கப்பாவோட விவாதத்துக்கு முந்தின நாளு அந்தப் பேர நீங்களே வெட்டினீங்க. "என் புள்ளைக்கு வேணாம், இல்லாதவங்களுக்குக் குடுங்க"ன்னீங்க. சனமெல்லாம் தியாகின்னு மாலை போட்டுச்சு. தலைவரே, என் மொகத்தப் பாருங்க. அன்னிக்கே தெரியுமா?

— அதெல்லாம் இப்ப எதுக்கு, தாயி?

— தெரியுமா?

— தெரியும்.

— எப்படி?

— உங்கப்பன் தான் கூட்டிட்டுப் போனான். ரெண்டு பேரும் சேந்து தான் அள்ளிப் பாத்தோம். மேடையில ரெண்டு பேரும் ஒரே பேச்சுப் பேசுறதுன்னு அந்த ஊத்துத் தண்ணியிலயே கை நனச்சுச் சத்தியம் பண்ணினோம். யாரு மொதல்ல பேசுறதுன்னு சீட்டுக் குலுக்கி எடுத்தாங்க, அவன் பேரு மொதல்ல வந்துச்சு. பேசி முடிச்சான். ஒரு கை தட்டல. லயத்துக் காம்பராவுல நாலு தலமுறையாக் கெடந்த சனம். வீடு வேணாம்னா எவன் கேப்பான்? அந்த மொகத்தையெல்லாம் பாத்தேன். என் வாயி தன்னாலத் திரும்பிருச்சு, தாயி.

— தன்னால ஒன்னும் திரும்பல. மொத நாளே மகன் பேர வெட்டின ஆளு நீங்க. ஓட்டுக்காகத் திருப்பினீங்க.

— ஆமா. ஓட்டுக்காகத் தான்.

— அப்ப எங்கப்பாவுக்கும் தெரியும், நீங்க தெரிஞ்சே தான் சிரிக்க வச்சீங்கன்னு.

— தெரியும். ஒரு நாளும் என்னக் காட்டிக் குடுக்கல. தம்புள்ளையில ஒரு தடவ எதிர்ல பாத்தேன். மூட்டைய எறக்கி வச்சுட்டு, "ஊத்த மூடிட்டீங்களாமே"ன்னு மட்டும் கேட்டான்.

— பாவி மனுசன். பொண்டாட்டி புள்ளைக்கிட்ட கூடச் சொல்லலியே! சரி, இந்தா பாருங்க. உங்க கண்ணு முன்னாலயே வீடியோவ அழிக்கிறேன். போச்சா?

— தாயி! நீ நல்லா இருக்கணும்...

— கும்பிடாதீங்க. இரக்கப்பட்டு அழிக்கல. அத விடப் பெருசா ஒன்னு கெடச்சிருச்சு. மேடையில "மனசு மாறிருச்சு"ன்னு நீங்க சொல்லக்கூடாது. அது எங்கப்பாவோட பேச்சு, அத நீங்க தொடாதீங்க. "எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சே பொய் சொன்னேன்"னு சொல்லணும். ஊத்து, சத்தியம், மகன் பேர வெட்டினது, ஒன்னையும் விடாமச் சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்.

— அதச் சொன்னா இந்தத் தோட்டத்துல நான் தல காட்ட முடியாது.

— முடியாது தான்.

— செருப்பக் கழட்டி அடிப்பாங்க.

— எங்கப்பாவச் சிரிச்சே அடிச்சாங்க. செருப்படி தேவல.

— ஆனா... தெரிஞ்சே சொன்னேன்னா, சனம் சிரிக்காது. பயப்படும். ஒருத்தரும் அந்த மலப் பக்கம் போக மாட்டாங்க.

— எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. எனக்கு உங்க மொகத்தப் பாக்கணும். அவ்ளோ தான்.

— நீ என்னா சொல்லப் போற? உன் நோட்டீஸு?

— அது என் பாடு. எந்திரிங்க.

— வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். இந்த விவாதத்துக்கு வந்தீக்கிற எல்லாருக்கும் நன்றி. சீட்டுல மொதல் பேரு அழகமுத்து அண்ணன்ட பேரு. அஞ்சு நிமிஷம். பேரச் சொல்லித் தொடங்குங்கோ.

— என் பேரு அழகமுத்து. எனக்கு அஞ்சு நிமிசம் வேணாம், மாஸ்டர். ஏழு வருசத்துக்கு முந்தி இந்த எடத்துல நின்னு, எட்டாம் நம்பர் மலை கருங்கல்லுன்னு சொன்னேன். அது பொய். தெரிஞ்சே சொன்ன பொய். நானும் விஜேந்திரனும் ஒன்னாப் போயி, ஊத்துல மண்ணு கரைஞ்சு வர்றதக் கண்ணால பாத்தோம். ரெண்டு பேரும் உங்ககிட்டச் சொல்றதுன்னு சத்தியம் பண்ணினோம். அவன் சொன்னான், நான் அவனச் சிரிக்க வச்சேன். மொத நாளே என் மகன் பேர வெட்டி எடுத்துட்டு, உங்க புள்ளைங்கள அங்க ஏத்துனேன். அந்த மலை ஒரு நாள் எறங்கும். போகாதீங்க. எனக்கு ஓட்டுப் போடாதீங்க, ஆனா போகாதீங்க.

— இருங்கோ! இருங்கோ எல்லாரும்! செருப்பக் கீழ போடுங்கோ! யாரது பின்னால நிண்டு "அரைப்பேர் அழகமுத்து" எண்டு கத்துற? மகள் பேச வேணாமா? சர்மிளா மகள், மைக்க எடுங்கோ.

— அந்தப் பேரச் சொல்லி இவரக் கூப்பிடாதீங்க! நிப்பாட்டுங்க! அரைப்பேர்ங்கிறது மனசு மாறி, அத உங்க மூஞ்சிக்கு நேராச் சொன்ன ஆளுக்கு நீங்க போட்ட பேரு. இவரு எங்க மாறுனாரு? அன்னிக்கும் தெரியும், இன்னிக்கும் தெரியும். எங்கப்பா பேர்ல பாதி கூட இவருக்குக் குடுக்க மாட்டேன். இவரு வெறும் அழகமுத்தாவே சாகட்டும்.

— மகள், மொதல்ல உங்கட பேரச் சொல்லோணும். பதிவாகுது.

— சொல்றேன் மாஸ்டர். நேத்து வரைக்கும் "சொந்த வீட்டுக்குத் திரும்புவோம்"னு உங்க கையில நோட்டீஸ் குடுத்தவ நான். இந்த ஆளு மேல இருந்த வெறியில குடுத்தேன். பிழையாச் சொல்லிட்டேன். என் மனசு மாறிருச்சு, அந்த மலை வேணாம். எழுதிக்கங்க மாஸ்டர், என் பேரு அரைப்பேர் சர்மிளா.