கொண்டை ஊசி வளைவு இல்லாத ஊர்

குன்னூரில் வளர்ந்தவர்களோடு வாந்தியைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசலாம். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருக்கும்போதுகூடப் பேசலாம். மேட்டுப்பாளையம் இறங்குகிற பஸ்ஸில் யார் எந்த வளைவில் யார் மேல் எடுத்தார்கள் என்பதுதான் எங்கள் சொந்தபந்தங்களுக்கு அடையாளம். அக்கா கல்யாணத்தில் என்னை மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்கள். "பர்லியாறு பக்கத்துல பெரியவரு வேட்டில எடுத்தானே, அந்தக் கீர்த்திவாசன்தானுங்க இவன்."

அதனால் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் இங்கே வாந்தி மாத்திரை இருக்கும் சார், உப்பு புளி மாதிரி. மலை இறங்குவதற்கு முன்னால் அரை மாத்திரையைத் தேனில் குழைத்து நாக்கில் தடவிவிடுவார்கள். பிள்ளை முதல் வளைவிலேயே கண்ணைச் சொருகும். கீழே போய்த் தூக்கிக்கொண்டு இறங்கினால் போதும். அதை யாரும் மருந்தென்று நினைப்பதில்லை. நீங்கள் கீழேயிருந்து மாற்றலாகி வந்தவர் என்பதால் சொல்கிறேன். டீயைக் குடியுங்கள், இந்தக் குளிருக்குச் சீக்கிரம் ஆறிவிடும்.

மனிஷா என் மடியிலேயே இருக்கட்டும். கட்டிலில் போட்டால் புரண்டு விழுவாள். நாம் மெதுவாகப் பேசிக்கொண்டால் போதும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மச்சானுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பெயின்ட் கடை. தங்கவேலு என்றால் தெரியாதவர்கள் இல்லை. போன வருஷம் அடித்த மழையில் ஊரில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் ஓதம் ஏறியது; ஓதம் ஏறிய சுவரெல்லாம் மச்சானுக்குப் புண்ணியம் சேர்த்தது. கம்பெனிக்காரர்கள் மகிழ்ந்துபோய், அதிகம் விற்ற கடைக்காரர்களைக் குடும்பத்தோடு இலங்கைக்குக் கூட்டிப் போனார்கள். கிழக்குக் கரையில், கடலை ஒட்டி ஒரு ரிசார்ட். உலகமே ஓய்வெடுக்க எங்கள் ஊருக்கு வருகிறது. நாங்கள் ஓய்வெடுக்க விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

கம்பெனிக் கணக்கில் நான் இல்லை. மச்சான், ஷண்முகப்ரியா அக்கா, ஐந்து வயது மனிஷா, மூன்று வயது கவிநேஷ், அவ்வளவுதான். மச்சான்தான் என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, காலேஜ் லீவுதான, நீயும் வா. டிக்கெட்டு நாம்பாத்துக்கறேன். பசங்களப் பாத்துக்கறதுக்கும் ஒரு ஆளு வேணுமல்ல." இதில் முதல் பாதிதான் எனக்குக் காதில் விழுந்தது. இரண்டாவது பாதி, அங்கே போய் இறங்கிய பிறகு விழுந்தது.

எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. ரிசார்ட்டின் விளம்பரப் படத்தில், தென்னைக்குக் கீழே ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அதில் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். கல்லூரி மலரில் வருஷாவருஷம் நான் எழுதுகிற நகைச்சுவைக் கட்டுரையை அதில் படுத்து எழுதலாம் என்று நினைத்தேன். தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

கடல் பெரியவர்களைத்தான் களைப்பாக்கும். பிள்ளைகளை ஒன்றும் செய்யாது. காலையில் கண் விழித்ததும் ஓடும். கண்ணில் மண். மண்ணைக் கழுவினால் சோப்பு. சோப்பைத் துடைத்தால் ஒன்றுக்கு. அது முடிந்து திரும்பினால் இன்னொன்றின் கண்ணில் மண். அந்தச் சாய்வு நாற்காலியில் முதுகைச் சாய்ப்பேன்; சாய்ந்த உடனே "மாமா" என்று ஒரு குரல். அந்த ஒரு சொல் மனிதனை எப்படிக் கிழடாக்கும் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் நீங்கள் தாய்மாமனாக இருக்க வேண்டும்.

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். மனிஷா பிறந்ததிலிருந்து அவள் ஒரு தூக்கம் முழுசாகத் தூங்கியதில்லை. மச்சான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ரெண்டு வாளி வெள்ளைங்களா? சரிங்க, பையன அனுப்பறேன்" என்று போனில் பெயின்ட் விற்றுக்கொண்டிருந்தார். எல்லாரும் களைத்துப்போன ஒரு குடும்பம், சார். களைப்பைக் கொண்டுபோய்க் கடற்கரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாத்திரை நியாயமான காரணத்துக்குத்தான் ஆரம்பித்தது. படகுச் சவாரி இருக்கிறது என்றார்கள். படகு ஆடுமே என்று இரண்டு பேருக்கும் அரை அரை கொடுத்தேன். காற்று பலமாக இருக்கிறதென்று படகை நிறுத்திவிட்டார்கள். கொடுத்த மாத்திரையைத் திருப்பி வாங்க முடியாது. இரண்டும் பொழுது சாயும்வரை தூங்கின. அக்காவும் மச்சானும் கரையோடு வெகுதூரம் நடந்து போய்விட்டுத் திரும்பும்போது கை கோத்திருந்தார்கள். மச்சானின் போன் அறையிலேயே கிடந்தது. நான் நாற்காலியில் படுத்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

"டேய் கீர்த்தி, என்னடா பண்ணுன? ரெண்டும் ஒண்ணாத் தூங்கி நாம்பாத்ததே இல்ல" என்றாள் அக்கா.

"கதை சொன்னேன்க்கா."

"மாப்ளைக்குக் கைராசி" என்றார் மச்சான். "இவனுக்குப் பொறக்கற புள்ளைங்க குடுத்து வெச்சதுங்க."

அதற்குப் பிறகு தினமும் காலையிலும் மத்தியானமும் கதை சொன்னேன். என்ன கதை என்று யாரும் கேட்கவில்லை. அக்கா முகம் தெளிந்துவிட்டது. பழையபடி பாட ஆரம்பித்தாள். பிள்ளைகள் எதற்கும் சீக்கிரம் பழகிவிடும், மாத்திரைக்கும்தான். அரை போதாமல் போனதும் முழுசாக ஆக்கினேன், குழைக்காமல் தேனில் தோய்த்து. சாயங்காலம் எழுந்திருக்கும்போது கவிநேஷ் கொஞ்சம் தள்ளாடுவான். உப்புக்காத்து ஒத்துக்கல என்று அக்காவே சொல்லிக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மனிஷா கண் விழிக்கும்போது வெளியே இருட்டியிருக்கும். ஜன்னலுக்கு ஓடுவாள்.

"மாமா, கடலு எங்கே?"

"அதோ, சத்தம் கேக்குதல்ல கண்ணு."

"பாக்கோணும்."

"நாளைக்கு."

அடுத்த நாளும் இதையே கேட்டாள். அதற்கடுத்த நாள், "மாத்திரை வேண்டா மாமா, நான் சத்தம் போடாமக் கடலு பாக்கறேன்" என்றாள். நான் கொஞ்சம் யோசித்தேன். சத்தம் போடாமல் இருக்கிற வயது இல்லை அது. தேன் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

ராஜகுமாரியைப் பற்றித்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள். ரிசார்ட்டில் பிள்ளைகள் விளையாடும் அறையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அவளுடைய பெரியப்பா குடும்பம் அந்தக் காலத்திலேயே இங்கே பந்தலூருக்கு வந்துவிட்டதாம். நீலகிரி என்று சொன்னதும் எங்களைச் சொந்தம் மாதிரி ஒட்டிக்கொண்டாள்.

"தம்பி, பிள்ளைக ரெண்டும் ஏன் பகல்ல இப்படிக் கெடக்கு? சுகமில்லையா?"

"மலையில வளந்ததுங்க. வெயில் தாங்கல."

"எழுப்பி முகத்தக் கழுவி விடவா? இவ்வளவு தூரம் வந்துட்டுத் தண்ணியில கால் வைக்காமப் போறது பாவம் இல்லையா?"

"உங்க வேலையப் பாருங்கக்கா" என்றேன். கடுமையாகச் சொல்லவில்லை. அவள் போனாள். ஆனால் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிற ரகம்.

கடைசி நாள் மத்தியானம், உள்ளே மண்டபத்தில் கடைக்காரர்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அக்கா அந்த வெயிலில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். நான் பிள்ளைகளுக்கு வழக்கம்போல் கொடுத்து, தென்னை நிழலில் துண்டை விரித்துப் படுக்க வைத்தேன். கடல் அங்கே குழந்தைகளுக்கென்றே செய்ததுபோல இருக்கும். வெகுதூரம் போனாலும் முழங்கால் நனையாது. நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

அங்கே போலீஸில் நான் சொன்னது, பிள்ளைகளை ராஜகுமாரியிடம் ஒப்படைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன் என்று. திரும்பி வரும்போது அவள் கவிநேஷைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இதில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது மட்டும் உண்மை. அக்கா அவளை இரண்டு கையாலும் அடித்தாள். நான்தான் விலக்கிவிட்டேன். பெண்களை அடிப்பது எனக்குப் பிடிக்காது. அன்றே அவளைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

விமானத்தில் கவிநேஷின் சீட் காலியாக வந்தது. அவன் கீழே, பெட்டிகளோடு வந்தான். சாப்பாடு கொடுத்த பெண் அவன் இடத்துக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தாள். மச்சான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் போன் அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் பந்தலூரிலிருந்து பொன்னுத்துரை என்று ஒருவர் வந்தார். ராஜகுமாரியின் பெரியப்பா மகன். வாசலிலேயே நின்றார். "அம்மா, பையன் ஒடம்புல தூக்க மருந்து இருந்துச்சின்னு அங்க ரிப்போட்டு வந்திருக்காம். எங்க தங்கச்சி சத்தியமாக் குடுக்கல. பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க." மச்சான் கதவைச் சாத்தினார். அந்த ஆள் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபமில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

ஆமாம் சார், மாத்திரை நான் கொடுத்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணை விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் எல்லாரும் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கழிப்பறையில் இருந்தேன் என்று அக்கா நினைக்கிறாள். நாற்காலியில் தூங்கிப் போனேன் என்று இப்போது நீங்கள் எழுதுவீர்கள். நான் தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன்.

மனிஷா அன்றைக்கு மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து, நான் சாய்ந்த பிறகு மணலில் துப்பியிருக்கிறாள். கடல் பார்க்கப் போயிருக்கிறாள். அவள் போகிற சத்தத்தில் கவிநேஷ் பாதி விழித்து, தள்ளாடிக்கொண்டே அவள் பின்னால் போயிருக்கிறான். கணுக்கால் தண்ணீரில் குப்புற விழுந்தான். மற்றப் பிள்ளையாக இருந்தால் கையை ஊன்றி எழுந்து, ஒரு பாட்டம் அழுதிருக்கும்.

"மாமா, தம்பி எந்திரிக்க மாட்டீங்கறான்" என்று கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. பிறகு, "மாமா, இழுத்தா வர மாட்டீங்கறான்." அதுவும் கேட்டது. அந்த வாரம் முழுக்க அந்தச் சொல்லுக்கு நான் எத்தனை தடவை எழுந்திருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணில் மண், இல்லாவிட்டால் ஒன்றுக்கு. இன்னும் கொஞ்சம் நேரம், அப்புறம் எழுந்துகொள்ளலாம் என்று இருந்தேன். அவள் காலைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மூன்று வயதுப் பையன் ஐந்து வயதுப் பெண்ணுக்குக் கனம்தான். கொஞ்ச நேரத்தில் அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அப்பாடா என்றிருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஓய்வு அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து அவள் விழித்தால் அதையே சொல்கிறாள். மாமாவைக் கூப்பிட்டேன், மாமா கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கிச்சு என்று. திறந்தேனா என்று எனக்கு நினைவில்லை. அக்காவுக்கு அது என்னவென்று இன்னும் புரியவில்லை. பிள்ளை அதையே நினைத்து நினைத்து உருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை. விமானத்தில் கொடுத்தேன். மலை ஏறும்போது கொடுத்தேன். அதுகூட முறைப்படி வளைவுக்குத்தான். வீட்டில் வளைவு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கொடுத்தேன்.

பாப்பாவிடம் பேச வேண்டும், எழுப்புங்கள் என்கிறீர்கள். இப்போது எழுப்ப முடியாது சார். நீங்கள் வரப்போகிறீர்கள் என்று அக்கா காலையிலேயே சொல்லிவிட்டாள். இவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் கொடுப்பதைக் கொடுத்தும் கண்ணை விழித்துக்கொண்டே இருந்தாள். அதனால் இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். எத்தனை என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அட்டை மேசை மேல் காலியாகக் கிடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? இவள் கை சில்லென்றுதான் இருக்கிறது, குன்னூர் குளிர் அப்படித்தான். யாரிடமும் ஒட்டாத பிள்ளை இது. என் மடியில் தூங்குகிற மாதிரி வேறு யார் மடியிலும் தூங்காது.