வலி போன வியாழக்கிழமை

ஊசி குத்தினால் வலிக்காது ஐயா. வருகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் பதில் சொல்லிக்கொண்டே, ஊர் என்ன, வேலை என்ன என்று விசாரித்துக்கொண்டே குத்திவிடுவேன். எப்போ சார் குத்துவீங்க என்று அவர்கள் கேட்கிறபோது ஐந்து ஊசி ஏறியிருக்கும். நீங்கள் நாற்காலியை விட்டு எழும்போது இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். அதற்கும் இடம் இருக்கிறது. பத்து முறை போட்டால் படி ஏறுகிறபோது முனகாமல் ஏறலாம்.

யாரும் புகார் கொடுக்கவில்லையே, நீ எதற்கு ஸ்டேஷனுக்கு வந்தாய் என்றீர்கள். முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

என் பெயர் மனோகரன், வயது நாற்பத்தெட்டு. கள்ளிக்குப்பத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேல் மாடியில் அக்குபஞ்சர் பார்க்கிறேன். என் அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடுமேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே, வெயிலில், லாரி வரும்வரை குந்தியிருந்தவர். உள்ளே தண்ணீர் குடிக்கப் போனால்கூட வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். நானும் பதினாறு வயதில் அதே இடத்தில் குந்தினேன். முப்பத்தொன்றில் முதுகு போனது. எட்டு மாதம் படுத்திருந்தேன். ஆவடியில் ஜானகிராமன் மாஸ்டர் ஆறு வாரத்தில் என்னை நடக்கவைத்தார். அவரிடமே மூன்று வருடம் ஞாயிறு ஞாயிறாகப் படித்தேன்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஊசி வலியைத் தின்றுவிடுவதில்லை. உடம்பு தனக்குள் வைத்திருக்கும் மருந்தைக் கொஞ்சம் திறந்துவிடுகிறது, இறுகிப்போன சதை இளகுகிறது, தூக்கம் வருகிறது. நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்குப் பாதி வலி கிடையாது. குவார்ட்டர்ஸில் இருந்து வருகிற அம்மாக்களுக்கு முழங்கால், கார்மெண்ட்ஸ் பெண்களுக்குக் கழுத்து, பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர்களுக்குத் தோள். லோடுமேன்களுக்குத் தோளில் கிண்ணம் கவிழ்த்துச் சதையை உறிஞ்சவைக்கும் கப்பிங்கும் போடுவேன். அந்த வட்டத் தழும்புகளைக் காட்டி, புலி கடித்தது என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வார்கள். பலன் உண்டு ஐயா. நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு ஊசியின் மேல் பழி போட்டுவிடாதீர்கள்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம். எத்தனை தடவை வந்தவனாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்டு அட்டையில் எழுதின பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். தூக்கம், பசி, மலம், சிறுநீர், மரமரப்பு. இதை எதற்குக் கேட்கிறோம் என்று ஒருநாள் போர்டில் எழுதிக் காட்டினார். முதுகு வலிக்காரனுக்குக் குந்துகிற இடம் மரத்து, சிறுநீர் நின்றால், நடு நரம்புக் கொத்து நசுங்குகிறது. ஊசியைக் கீழே வை. ஆட்டோ பிடி. இதில் கணக்கு மணியில்தான், நாளில் இல்லை. நான் நோட்டில் எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன். மாஸ்டர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. நோட்டு இருக்கிறது.

கன்னியப்பன் என்னிடம் வந்தது போன வருடம் சித்திரையில். சேக்காட்டுக்காரன், நாற்பத்திரண்டு வயது. இரும்பு குடோனில் லோடு இறக்குகிறவன். அவர்கள் ஆறு பேர் ஒரு செட்டு. மூன்று நாள் ஒருவன் வரவில்லையென்றால் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். நான்காம் நாள் போய்க் கேட்க முடியாது. அதனால் அவர்களுக்கு டாக்டர் என்றால் பயம். ஊசியில் பயமில்லை, லீவு போடச் சொல்வாரே என்றுதான். என்னிடம் வந்தால் அரைமணி நேரம், அப்படியே வேலைக்குப் போகலாம்.

இரண்டு காலுக்கும் இழுக்கிற முதுகு வலி அவனுக்கு. நான்கு வாரத்தில் பாதி குறைந்தது. பார்க்கிறவனிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னான். அவன் பேசினால் கூட்டம் நிற்கும். எனக்கு விளம்பரப் பலகையே தேவைப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பர்சனல் ஆபீசர் சண்முகசுந்தரம் என்னைக் கூப்பிட்டார். தொழிலாளர்களுக்காக உள்ளேயே வலி நிவாரண அறை ஒன்று திறக்கப்போகிறார்கள். சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் ஒரு முகாம் நடத்திக் காட்டு, முதலாளி வருவார், பிடித்திருந்தால் அறை உனக்கு என்றார். எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா வெளியே குந்தியிருந்த கேட் அது.

மேடையில் கன்னியப்பனைப் பேசவைத்து, ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வது என்று முடிவானது. அந்த யோசனை அவனுடையது என்றுதான் இவ்வளவு நாள் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். என்னுடையது.

முகாமுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு, மாடிப்படி ஏறி வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தான்.

"அண்ணாத்தே, வலி பூட்ச்சி. சுத்தமா பூட்ச்சி. ரெண்டு காலையும் புட்சி இஸ்துகினு இருந்துச்சே, அதுகூட இல்ல. இன்னா கை அண்ணாத்தே உன் கை."

கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தான். நான் அட்டையை எடுத்தேன். வழக்கப்படி கேட்டேன்.

"இன்னா ஒண்ணு, குந்துற எடம் மட்டும் மரமரன்னு கீது. பைக்ல வந்தேன், சீட்டு மேல கீறேனா காத்துல கீறேனான்னே தெர்ல." சிரித்தான். "ஒண்ணுக்கும் சரியா வர்ல. செவுத்தாண்ட நின்னுகினே கீறேன். எல்லம்மா கதவ தட்டி, யோவ் உள்ள தூங்கிட்டியான்னு கேக்குறா."

எல்லம்மா அவன் மனைவி.

வலி போய்விட்டது என்று அவன் சந்தோஷப்பட்டான். லோடுமேனுக்கு அவ்வளவுதான் கணக்கு. வலித்தால் நோய், வலிக்காவிட்டால் குணம். உணர்ச்சியே போய்விட்டதால் வலி தெரியவில்லை என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

குப்புறப் படுக்கச் சொன்னேன். தொடையின் உள்பக்கம், மேலே, மூன்று இடத்தில் ஊசியை ஏற்றினேன். சாதாரணமாக அந்த இடத்தில் குத்தினால் ஆள் துள்ளுவான்.

"எப்ப அண்ணாத்தே குத்துவ?" என்றான்.

எடுத்துவிட்டேன். பிறகு கையிலும் காலிலும் வழக்கமான இடங்களில் போட்டேன். சுவர்க் கடிகாரம் பத்தைக் காட்டியது. மூட்டையை நான் நினைத்ததும், அவன் இல்லாமல் முகாம் நடக்குமா என்று நினைத்ததும் ஊசி உடம்பில் நிற்கிற அந்த இருபது நிமிடத்தில்தான்.

"நரம்பு இளகுதுப்பா, அதான் மரமரப்பு. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன்.

அட்டையில் வலி என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன். சிறுநீரில் சரி என்றும், மரமரப்பில் இல்லை என்றும் எழுதினேன். அட்டையைக் கொண்டுவந்திருக்கிறேன். என் கையெழுத்துதான். வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை எல்லம்மா போன் செய்தாள். "அண்ணா, நேத்து மதியத்துலேர்ந்து ஒரு சொட்டு வர்ல. வவுறு உப்பிகினு கல்லு மாதிரி கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூடட்டா?"

அவளாகத்தான் கேட்டாள். சரி என்ற ஒரு வார்த்தை போதும். பார்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். சாயங்காலம் திரும்பவும் கூப்பிட்டாள். தானாகப் போகிறது, ஆனால் அவருக்கே தெரியாமல் லுங்கி நனைகிறது என்றாள். அடைத்த பை நிறைந்து வழிகிறது என்று எனக்குத் தெரியும்.

"பார்த்தியா, தொறந்துக்கிச்சு" என்றேன்.

"உன் வாயில சக்கரைய போடணும்ணா" என்றாள்.

சனிக்கிழமை கருப்பு பேண்ட் போட்டுக்கொண்டு, உள்ளே துண்டை மடித்து வைத்துக்கொண்டு வந்தான். மைக்கைப் பிடித்ததும் மண்டபமே அவனுடையது. "ஆறு மாசமா என் பொண்டாட்டிதான் எனக்கு ஜட்டி மாட்டி வுட்டா. இப்ப பாருங்க" என்று மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டான். கைதட்டல் நிற்கவில்லை. முதலாளி எழுந்து நின்று தட்டினார். மேடைப் படி இறங்கும்போது அவனுடைய இடது செருப்பு மேல்படியிலேயே நின்றுவிட்டது. அவன் கீழே வந்து ஐந்தடி நடந்தான். நான் செருப்பை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இது எப்ப கழண்டுச்சி?" என்று காலைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவனால் எழுந்து நிற்க முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அவனை ஸ்கேனுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லம்மா அட்மிஷன் சீட்டுக்கு வரிசையில் நின்றாள். இளம் டாக்டர் ஒருவர் வந்து, கூட வந்தது யார், சிறுநீர் எப்போது நின்றது என்று கேட்டார். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

"நேத்து மூட்டை தூக்கினதுக்கு அப்புறம்தான் சார். அதுவரைக்கும் நல்லா இருந்தான்."

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள். அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது. நரம்பு ரொம்ப நசுங்கியிருந்தது என்றார்கள். முதுகு வலிக்காரன் மூட்டையைத் தூக்கலாமா, உனக்கு அறிவில்லையா என்று பெரிய டாக்டர் கன்னியப்பனைத் திட்டினார். அவன் தலையை ஆட்டினான். வெள்ளிக்கிழமை போன்களை எல்லம்மா யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் தொறந்துக்கிச்சு என்று சொல்லியிருந்தேனே. அவள் கணக்கில் அது வேறு நோவு, வந்து சரியாகிவிட்டது.

பதினொரு மாதமாக அவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். சிறுநீருக்கு டியூப் இருக்கிறது. செட்டில் அவன் இடத்துக்கு நான்காம் நாளே ஆள் வந்துவிட்டான். எல்லம்மா கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். அதே கம்பெனிதான். கேட்டுக்கு உள்ளே, முதல் மாடியில் எனக்கு அறை. கதவில் என் பெயர் போட்டிருக்கிறது. வாட்ச்மேன் வணக்கம் வைக்கிறான்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் கன்னியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீ கொணமாக்கி வுட்ட அண்ணாத்தே. நான் திமிர்ல தூக்கி உன் பேர கெட்த்துட்டேன். மன்னிச்சுடு."

மன்னித்தேன் ஐயா. பரவாயில்லை, விடுப்பா என்றேன். அவன் மகள் ஜெயப்பிரியா பக்கத்தில் நின்று, மாமா எவ்வளவு பெரிய மனசு என்றாள்.

இத்தனை நாள் வராதவன் இன்றைக்கு ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். மூன்று வாரம் முன்பு ராகேஷ் என்று ஒருவன் என் அறைக்கு வந்தான். பீகார்க்காரன், பேக்கிங் செக்‌ஷன். முதுகு வலி போய்விட்டது பாயி, உட்கார்ந்தால்தான் ஒன்றும் தெரியவில்லை என்றான். நான் ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கீழே இறங்கி ஆட்டோ பிடித்து, சீட்டில் இன்னது என்று எழுதிக்கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கே ஆபரேஷன். இந்தத் திங்கட்கிழமை மெதுவாக நடந்து படியேறி வந்து என் காலில் விழுந்தான். அவன் போன பிறகு கணக்குப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்ததிலிருந்து ஆட்டோ கிளம்பும்வரை நான்கு நிமிடம். கன்னியப்பனுக்கு வியாழன் காலையிலிருந்து ஞாயிறு காலைவரை நேரம் இருந்தது. அன்றும் கீழே ஆட்டோ நின்றது. ஜன்னலில் தெரிந்தது.

தெரியாமல் நடந்தது இல்லை. தெரிந்துதான் செய்தேன். அவன் கால் போகும் என்று தெரியும், போகாமலும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அறை வேண்டியிருந்தது. இதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கன்னியப்பனிடம் மட்டும் சொல்ல வேண்டாம். தன் திமிரால் நடந்தது என்று நம்பி அவன் ஒருவழியாக ஆறிவிட்டான். இன்னொருவன் செய்தது என்று தெரிந்தால் அவனுக்குத் தூக்கம் போய்விடும். அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். உணர்ச்சி இல்லாத காலில் இப்போது தீப்பிடித்த மாதிரி எரிகிறது என்கிறான். மாத்திரைக்குக் கேட்காத எரிச்சல், என் ஊசிக்குத்தான் கொஞ்சம் அடங்குகிறது. புதனும் சனியும் நான்கு மணிக்குப் போய்ப் போடுகிறேன். ஒரு நாள் தவறினது கிடையாது.

இன்றைக்குப் புதன். மூன்றரைக்குள் எழுதி முடித்துவிட்டால் நான் கிளம்பிவிடுவேன். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள் ஐயா.