விபத்தில்லா ஓராண்டு

பெருமையடித்துக்கொள்ளும்போது 'தலைவணங்குகிறேன்' என்றுதான் தொடங்க வேண்டும், சார். வேலை தேடுகிறவர்களும் கொடுக்கிறவர்களும் புழங்கும் அந்த இணையதளத்தில் அதுதான் மரியாதை. நானும் அப்படித்தான் எழுதினேன்: "எங்கள் கிடங்கு ஓராண்டை விபத்தே இல்லாமல் கடந்திருக்கிறது. இந்தப் பயணத்தை வழிநடத்தக் கிடைத்த வாய்ப்புக்குத் தலைவணங்குகிறேன்."

நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. ஆள்குறைப்பில் மாத முடிவோடு என் சீட்டும் கிழிந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு நிறுவனத்து அம்மாள் என் பதிவுகளைப் படித்துவிட்டு, "ஓராண்டு முடியட்டும், பேசலாம்" என்று எழுதியிருந்தார். தினமும் காலையில் டீயை வைத்துவிட்டு என் மனைவி, "அந்தம்மா ஏதாவது சொன்னாங்களா?" என்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதி டீயோடு கிளம்பிவிடுவேன். அவ்வளவு பயம், சார். அதை மறைக்கவில்லை.

ஓராண்டு நிறைவுக்கு மதியம் போட்டோ. காலையில் நெட்டை என்பவன் மேல்தட்டிலிருந்து விழுந்தான். பெட்டி அடுக்குகிறவன், உயரத்தால் வந்த பெயர். பின்மண்டை தரையில் மோதியது. பார்த்தது நான் மட்டும்.

எழுந்து உட்கார்ந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "ஒண்ணுமில்ல சார். தலைதான் கிர்ருன்னு சுத்துது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திடவா?"

"போட்டோ முடியட்டும்பா. நானே கூட்டிட்டுப் போறேன்."

ஆம்புலன்ஸ் வந்தால் அது விபத்தாகிவிடும். ஹெல்மெட்டை மாட்டிவிட்டு என் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டேன். படத்தில் என் தோளில் சாய்ந்திருப்பவன் அவன்தான். நல்ல குழு உணர்வு என்று பலர் பாராட்டினார்கள்.

பிறகு வாந்தி எடுத்தான். யாராவது பார்த்தால் பதறுவார்களே என்று ஓய்வறையில் படுக்கவைத்து வெளியே பூட்டினேன். ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை, ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் பூட்டினேன். அவன் கதவைத் தட்டியது கேட்டது. பதிவுக்கு வந்த வாழ்த்துகளுக்கு ஒவ்வொன்றாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளும் எழுதியிருந்தார்: "திங்கட்கிழமை வாருங்கள்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் தட்டுவது நின்றிருந்தது. தூங்குகிறான் என்று வைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்து எல்லோரும் போனபின் திறந்தேன். கண் மேலே செருகியிருந்தது. கைத்தாங்கலாக இழுத்துவந்து ஆட்டோவில் ஏற்றினேன். "குடிச்சிருக்கான். வீட்ல விட்டுடுப்பா," என்றேன் ஓட்டுநரிடம்.

பாதி வழியில் உயிர் போய்விட்டது என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் எங்கள் வாசலைத் தாண்டும்போது மூச்சு இருந்தது, சார். மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். என் பதிவில் பொய் எதுவும் இல்லை.