யோகேந்திரன் அண்ணன் இன்னும் சரி சொல்லவில்லை

மேடையில் வீற்றிருக்கும் கோயில் தலைவர் அவர்களே, நீலாயிலிருந்து வந்திருக்கும் யோகேந்திரன் அண்ணனின் அலுவலக நண்பர் சசிதரன் அவர்களே, மகனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் பஞ்சாலை அத்தை அவர்களே, எஸ்டேட் மக்களே, வணக்கம். மைக்கில் நான் பேசியதே இல்லை.

மறைந்த பொறியாளர் யோகேந்திரன் அவர்களை எல்லாரும் புகழ்ந்தீர்கள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட நான் என்ன சொல்வது? அண்ணன் செய்த வேலை இன்றைக்கும் எனக்குச் சரியாகப் புரியவில்லை!

கணினிக்குள் நினைவகத்திலிருந்து எவ்வளவு தரவு போய்வருகிறது என்று அளக்க, சிப்பிலேயே ஒரு மீட்டர் இருக்கிறதாம். கணினியை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பேராம்; அந்த மீட்டரைப் படிக்க அதில் சேர்க்கும் நிரலை வெளிநாட்டில் யாரோ எழுதி அனுப்புவார்கள். அண்ணன் அதைப் படித்துப் பார்த்து, தப்பில்லை என்றால் சரி சொல்வார். சொல்வதற்கு முன், பெடாஸ் ஊரில் பரோட்டா போடும் எங்கள் ரொட்டி சானாய் கடைக்கு வந்து என்னைக் கூப்பிடுவார்.

“லோகா, இங்க வாம்மா. சும்மா கேளு.”

“எனக்கு ஒண்ணும் புரியாதுண்ணே.”

“அதான் வேணும் லா! புரிஞ்ச மாதிரி தலையாட்ட ஆபீஸ்ல நெறைய பேரு இருக்காங்க. நீ எங்க முழிக்கிறியோ, அங்க நான் திரும்பப் பார்ப்பேன்.”

போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மோட்டார் சைக்கிளில் ஓடிய தூரம் காட்டும் மீட்டர் போல இதுவும் நிறைந்தால் பூஜ்யத்துக்குத் திரும்புமாம். கெர்னல் அவ்வப்போது எட்டிப் பார்க்குமாம். போன தடவை பார்த்ததைவிட எண் குறைந்திருந்தால் ஒரு சுற்று முடிந்ததென்று சேர்த்துக்கொள்ளுமாம். நான் முழித்தேன். அண்ணன் பாதியில் நிறுத்தினார்.

“அட! இது புது சிப்பு, வேகமா ஓடும். பார்க்கறதுக்குள்ள ரெண்டு சுத்து சுத்திட்டா? ஒண்ணுன்னுதானே கணக்காகும்! இப்ப சரி சொல்ல மாட்டேன். திங்கக்கிழமை எழுதிக் கேக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை மார்வலி வந்தது. அண்ணன் போய்விட்டார். திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய அந்தக் கேள்வி போகவே இல்லை.

சற்றுமுன் சசிதரன் அண்ணன் என்ன சொன்னார்? யோகேந்திரன் பார்த்து முடித்த கடைசி நிரல் இது, அஞ்சலியாக அவர் சரி சொன்னதாக அந்த நிரலோடு பெயரைச் சேர்க்கிறோம் என்றார். எல்லாரும் தலையாட்டினீர்கள். அத்தை அழுதுகொண்டே கைகூப்பினார். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அண்ணன் பெயர் உலகமெல்லாம் தெரிய எனக்கு ஆசை இல்லையா? ஆனால் அவர் சொல்லாத சரியை அவர் பெயரில் எப்படிச் சொல்வது? அத்தைக்கு இருக்கும் ஆறுதலை நான் கெடுக்கிறேனா? அதுவும் தெரியவில்லை.

சசிதரன் அண்ணே, பெயர் போட வேண்டுமென்றால், கேள்வி கேட்டவர் யோகேந்திரன் என்று போடுங்கள். அது உண்மை. அந்தக் கேள்வியை நீங்கள் எழுதி அனுப்புங்கள். பதில் வந்ததும் எங்கள் கடைக்கு வாருங்கள், என்னிடம் தமிழில் சொல்லுங்கள். அண்ணன் விட்டுப்போன வேலையில் என்னால் முடிந்தது அது ஒன்றுதான். புரியாமல் தலையாட்ட மாட்டேன். முழிப்பேன்.