ஸ்ரேயாம்ஸின் ரேட்டிங்

எனக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம், ஐயா. பொழுது சாய்ந்த பிறகு எங்கள் ஜைன ஆட்கள் சாப்பிடுவதில்லை. பார்சல் வாங்கியாகிவிட்டது என்றால் வாசலில் நிற்கும் கான்ஸ்டபிளுக்குக் கொடுத்துவிடுங்கள். பாவம், மத்தியானத்திலிருந்து டீயிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு இது பிறந்ததிலிருந்து பழக்கம், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆனால் ரேட்டிங் என்றால் என்னவென்று தெரியாமல் நான் சொல்வது உங்களுக்குப் பிடிபடாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக்கடை மாடியில் என் கடை. நாலு சீட்டு, நாலு ஸ்டீயரிங், காலுக்குப் பெடல், எதிரே பெரிய திரை. கார் ரேஸ் மட்டும்தான். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டெல்லாம் நான் வைப்பதில்லை. எறும்புக்கு மருந்து போடாத வீட்டில் பிறந்தவன் நான்.

அந்த ரேஸில் ஒவ்வொரு காருக்கும் ஒரு ரேட்டிங் உண்டு. வேகம், பிக்கப், வளைவில் பிடிப்பு, பிரேக் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு விளையாட்டே ஒரு நம்பர் கொடுக்கும். எழுநூறுதான் வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை வண்டிக்கு நல்ல டயர் போட்டு எழுநூறுக்கு ஏற்றலாம். பறக்கிற வண்டிக்கு எடை வைத்து எழுநூறுக்கு இறக்கலாம். இரண்டும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். வெளியுலகத்தில் இப்படி ஒரு நியாயத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். சனிக்கிழமை மத்தியானம் கடையில் எழுநூறு ரேஸ் வைப்பேன். நானும் ஓட்டுவேன்.

ஸ்ரேயாம்ஸ் என் சித்தப்பா மகன், தொண்டூர்க்காரன். சித்தப்பா போன பிறகு மல்லாட்டைக் கடலை வியாபாரத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். சனிக்கிழமை செஞ்சிக்கு வந்தால் மண்டி வேலையை முடித்துவிட்டு மாடியேறி வருவான். வந்தால் ஜெயிப்பான். நான் இரண்டாவது. அனந்தபுரத்து வெற்றிவேல் மூன்றாவது. அடுத்த சனிக்கிழமையும் அதேதான், அதற்கடுத்த சனிக்கிழமையும் அதேதான்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கடைக்காரன் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன. ஒரே ஆள் ஜெயித்துக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு விட்டுப்போகும், கடை படுத்துவிடும், அதைத்தான் யோசித்தேன். ஸ்ரேயாம்ஸ் ஓட்டுவதைப் பார்க்கத்தான் கூட்டமே வந்தது என்று வெற்றிவேல் உங்களிடம் சொன்னானாமே. அவனுக்கு என்ன தெரியும். அவன் கடை வைத்துப் பார்த்ததில்லை.

முதலில் வண்டியில்தான் கோளாறு என்று நினைத்தேன். நம்பர் ஒன்றாக இருந்தாலும் சில வண்டி சில பாதைக்கு நன்றாகப் பொருந்திவிடும். "வண்டிய மாத்திக்கலாமாடா?" என்று கேட்டேன். "மாத்திக்கோண்ணா, இன்னா இப்போ" என்றான். என் வண்டியில் அவன் உட்கார்ந்தான். அதிலும் ஜெயித்தான். இறங்கி வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டு, "நம்பரு வண்டிக்குத்தாண்ணா. ஓட்றவனுக்கு இன்னா நம்பரு?" என்றான். கடையே சிரித்தது. அவன் குத்திக்காட்டவில்லை. அந்தப் பிள்ளைக்குக் குத்திக்காட்டவே தெரியாது. எனக்குத்தான் சுருக்கென்றது, அதை மறைக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போய் யோசித்தபோது அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. வண்டியை எல்லாம் சரிசமமாக்கிவிட்டு ஓட்டுகிறவனை அப்படியே விட்டிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய ஓட்டை பாருங்கள். யாராவது அடைக்க வேண்டாமா?

அவன் சீட்டில் பிரேக் பெடலுக்குக் கீழே ஒரு ரப்பர் துண்டை வைத்தேன். பெடல் முழுசாக இறங்காது. இரண்டே சுற்றில் அதற்குப் பழகிக்கொண்டான். இன்னொரு வாரம் எலுமிச்சை ஜூஸில் சளி மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கொடுத்தேன். தூக்கம் வருகிற மாத்திரை. கொட்டாவி விட்டுக்கொண்டே ஜெயித்தான். பிறகு, "இன்னான்னே தெரில, தூக்கமா வருதுண்ணா. செத்த நேரம் படுத்துட்டுப் போறேன்" என்று பெஞ்சில் சாய்ந்தான். ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். நேரமாகிறது என்று எழுப்பி அனுப்பியதும் நான்தான். கெட்ட எண்ணம் இருக்கிறவன் அதையெல்லாம் செய்வானா என்று நீங்களே சொல்லுங்கள்.

அவன் எதில் ஜெயிக்கிறான் என்று கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். பிரேக்கில். வளைவு வரும்போது நாம் எல்லோரும் முன்னாடியே பிரேக்கை மிதித்துவிடுவோம். அவன் கடைசி வரைக்கும் போய்த்தான் மிதிப்பான். பயமே கிடையாது. வேகமான வண்டிக்கு எடை வைத்து இறக்குகிறோம் இல்லையா. மனுசனுக்கு வைக்கக்கூடிய எடை பயம் ஒன்றுதான். நிஜ வண்டியில் ஒரு தடவை லேசாகப் பயந்துவிட்டால் போதும், அப்புறம் திரையிலும் முன்னாடியே மிதிப்பான். ரேட்டிங் தானாக இறங்கும். என் கணக்கு அவ்வளவுதான்.

அவன் பைக் மாடிப்படிக்குக் கீழே நிற்கும். பின்பிரேக் ராடின் முனையில் ஒரு நட் இருக்கிறது. அதைத் தளர்த்தினேன். சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம்.

சித்தி ஜெயமாலாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சித்தப்பா போன பிறகு அவர் மகன் வராமல் சாப்பிடுவதில்லை. அவன் பொழுதுக்குள் வந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். இருட்டிவிட்டால் இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு படுப்பார்கள். அதற்காகவே அவன் ஒரு நாளும் தாமதித்ததில்லை. வெயில் இறங்கத் தொடங்கியதும் கிளம்பிவிடுவான்.

அந்தச் சனிக்கிழமை நீளமான ரேஸாக வைத்தேன். திரையில் வெயில் படுகிறது என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்து மாட்டியிருந்தேன். ரேஸ் முடிகிற வரை எல்லோருடைய போனும் மேஜை டிராயரில் இருக்க வேண்டும், அது கடை வழக்கம். சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது. பேட்டரியைக் கழற்றியது நான்தான்.

அவன்தான் ஜெயித்தான். கைதட்டினார்கள். கதவைத் திறந்து வெளியே வந்தவன் ராஜகிரியைப் பார்த்தான். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. "ஐயையோ, பொழுது போச்சேண்ணா. அம்மா சாப்புடாம குந்தினு இருக்குமே" என்றான். முகம் வாடிப்போய்விட்டது. ஜெயித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"மலைதான்டா மறைக்குது, இன்னும் வெளிச்சம் இருக்குது. வேகமாப் போனா புடிச்சுடலாம்" என்றேன்.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். கீழே போய் நிமிர்ந்து பார்த்து, "வரேண்ணா" என்றான். ஏரிக்கரைத் திருப்பத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

காரியமெல்லாம் நான்தான் முன்னே நின்று செய்தேன். மறுநாள் சாயங்காலம் சித்தி என் முன்னால் தட்டை வைத்தார். "பொழுது சாயறதுக்குள்ள சாப்டுடு ஸ்ரீபாலு. நீயாவது வயித்தக் காயப் போடாத" என்றார். சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் அவர் மனசு கஷ்டப்படும். அவர் இன்னும் சாயங்காலம் ஆனால் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாராம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது இருட்டிவிடுகிறது, அப்புறம் சாப்பிட முடியாது. யார் சொல்லியும் கேட்கவில்லை. இப்படியே போனால் அவரும் ரொம்ப நாள் இருக்க மாட்டார். அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை, ஐயா.

முன்பிரேக் கேபிளைப் பற்றிக் கேட்டீர்கள். பாதி அறுந்திருந்ததை உங்கள் மெக்கானிக் பார்த்திருக்கிறார். ஆமாம், அதையும் நான்தான் அறுத்தேன். பின்பிரேக்கை எடுத்தால் ரேட்டிங் குறையும். இரண்டையும் எடுத்தால் ரேட்டிங்கே இருக்காது. இத்தனை வருஷம் இதையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு அது தெரியாதா? தெரியும். படியில் நின்று அவனைப் போகச் சொன்னபோதும் தெரியும்.

ஜெயிக்க ஆசைப்பட்டுத்தானே செய்தாய் என்கிறீர்கள். இல்லவே இல்லை. சரிசமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். போன சனிக்கிழமை கடையைத் திறந்து ரேஸ் வைத்தேன். பையன்கள் நாலைந்து பேர்தான் வந்தார்கள். எல்லோருக்கும் எழுநூறு. வெற்றிவேல் ஜெயித்தான். நான் இரண்டாவது.

இன்று மத்தியானம் உங்கள் கான்ஸ்டபிள் வந்து பிடித்தபோது நான் படிக்குக் கீழே வெற்றிவேலின் வண்டிப் பக்கத்தில் குந்தியிருந்தேன். கையில் ஸ்பேனர் இருந்தது நிஜம்தான். சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை உள்ளே வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையனின் ரேட்டிங் ரொம்ப அதிகமாக இருக்கிறது, ஐயா. அதை யாராவது பார்த்துக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும்.