ஹெலனின் இடது கால்

ஹெலனுக்குக் கால் நகம் வெட்டிவிடுவது நான்தான். பல பேர் ஓரத்தை வளைத்து வெட்டுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அப்படி வெட்டக்கூடாது, நேராக வெட்ட வேண்டும்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள், மேடம். முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் ஆசீர்வாதம். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் காண்டிராக்ட் ஆளாக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். நான்கு வருஷமாகக் கும்மிடிப்பூண்டியில் வீட்டோடுதான் இருக்கிறேன். என் மனைவி ஹெலன் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ் வரும், சாயந்திரம் ஐந்தரைக்குக் கொண்டுவந்து விடும்.

அவளுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. முதலில் பாதம் எரியும். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பாள். ஒரு நாள் எரிச்சல் நின்றுவிட்டது. "சரியாப்பூடுச்சுங்க" என்று சந்தோஷப்பட்டாள். ஆஸ்பத்திரியில் சிஸ்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தில் பத்து இடத்தில் அழுத்தினார். தொடும்போது சொல்ல வேண்டும். ஹெலன் கண்ணை மூடிச் சிரித்தபடி, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் சிஸ்டர் இரண்டு காலையும் முடித்திருந்தார்.

"நரம்பு செத்துப்போச்சு சார். இனிமே அவங்களுக்கு வலிக்காது. அவங்களுக்குப் பதிலா நீங்கதான் பாத்துக்கணும்" என்றார் என்னிடம். அவளுக்குக் கண்ணும் மங்கல், உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள முடியாது.

பார்த்துக்கொண்டேன். காலையில் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன். சாயந்திரம் வந்ததும் பேசினில் தண்ணீர் வைத்துக் கழுவி, விரல் இடுக்கையெல்லாம் துடைத்து, செல்போன் வெளிச்சத்தில் பார்ப்பேன். "சுத்தமா கீது" என்பேன். அவளும் காலை இழுத்துக்கொள்வாள். திரும்பக் கேட்க மாட்டாள். வாழ்க்கையில் வேறு யாரும் என்னை அவ்வளவு நம்பியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கு ஓடும்போது ஷூவுக்குள் ஒரு கல் போய்விட்டது. நாள் முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறாள். புண் ஆற ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் கட்டிலில் இருந்தபடியே என்னைக் கூப்பிடுவாள். தண்ணீர் வேண்டும் என்பாள், ஜன்னலைச் சாத்தச் சொல்வாள். நான் தலை வாரிவிடுவேன். கடைக்குக் கிளம்பினால், "எப்போ வருவீங்க?" என்று கேட்பாள். எங்கள் முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம். புண் ஆறியதும் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். சாப்பிட்டேன்.

இந்த பிப்ரவரியில் ஒரு நாள் நாஷ்டா சாப்பிடும்போது சொன்னாள். "ஓசூர்ல புது யூனிட் தொறக்கறாங்கங்க. பொண்ணுங்களுக்கு ட்ரெயினிங் குடுக்க என்னைக் கூப்புடறாங்க. ஒரு வருஷம். போறேன்னு சொல்ட்டேன்."

"உன் கால யாரு பாப்பாங்க?" என்று கேட்டேன்.

"அங்க ஹாஸ்டல்ல ஒரு நர்ஸம்மா கீறாங்களாம், அவங்க பாத்துப்பாங்க. நீங்களும் எத்தினி நாளைக்குத்தான் என் காலக் கட்டிகினு அழுவீங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் கோபக்காரன் இல்லை. ஒரு நாளும் அவள் மேல் கை வைத்ததில்லை. தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த திங்கட்கிழமை இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. "சுத்தமா கீது" என்றேன். மறுநாள் அது அரிசி அளவுக்கு வந்திருந்தது. ஓசூரில் குளிருமாமே, ஸ்வெட்டர் வாங்கலாமா என்று கேட்டாள். வாங்கலாம் என்று சொல்லிக் காலைத் துடைத்தேன். இரண்டாவது வாரம் சீழ் வைத்தது. சாக்ஸைத் துவைப்பது நான்தான் என்பதால் அவளுக்குத் தெரியவில்லை. "இன்னாங்க இது நாத்தம்?" என்று ஒரு நாள் கேட்டாள். வெளியே சாக்கடை என்றேன். மூன்றாவது வாரம் குளிர்காய்ச்சல். இரண்டு நாள் மாத்திரை கொடுத்தேன். மூன்றாம் நாள் என்னை அவள் தம்பி என்று நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அன்றைக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எங்கள் மகள் கிரேஸை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே எடத்துல திரும்பத் திரும்பக் குத்தியிருக்கு. அம்மாவோட ஷூவைப் பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவள் நேராக எங்கள் வீட்டுக்குப் போய் இடது ஷூவுக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்தபோது விரலில் ரத்தம்.

ஷூவைப் பையில் போட்டு வார்டுக்கே கொண்டுவந்தாள். "நைனா, டெய்லி நீதானே பாத்த? இம்மாம் பெரிய ஆணி கைல படல?"

நான் பதில் சொல்வதற்குள் ஹெலன் படுக்கையில் இருந்தே, "அவர இன்னாத்துக்குக் கேக்கற? அவுரு இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரேஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆணி என் டூல்ஸ் பெட்டியில் இருந்தது. செருப்பு தைப்பவர்கள் அடிக்கிற சின்ன ஆணிதான். ஓசூர் போகிறேன் என்று சொன்ன அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை ஹெலன் சர்ச்சுக்குப் போயிருந்தபோது ஷூவின் மெத்தையைத் தூக்கி, அடியிலிருந்து குத்தி, மறுபடி ஒட்டிவைத்தேன். நுனி மட்டும் மேலே தெரியும்படி வைத்தேன். ஒன்றே ஒன்றுதான் வைத்தேன். அதற்கப்புறமும் தினமும் காலையில் ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன், ஆணி இருக்கிறதா என்று. பிறகு அதை எடுத்துவிட்டிருக்கலாம். எடுக்கத் தோன்றவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது அந்த மாதிரி இன்னொரு ஐந்து மாதம்தான். கால் போகும் என்று நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கழுவித் துடைத்து, சுத்தமாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

ஹெலனை இப்போது கிரேஸ் மீஞ்சூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கிரேஸுக்கு வேலை, பிள்ளைகள். அவளுக்கு எங்கே நேரம் இருக்கும்? வலது காலிலும் உணர்ச்சி கிடையாது என்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் கொடுங்கள் மேடம், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். நான் ஐந்தரைக்குள் மீஞ்சூர் போய்ச் சேர வேண்டும். அந்தக் காலைப் பார்க்க என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?